கணினிக் கேள்வி–பதில்: ஆறு மாத உறுதிகள் எங்கே போயின?

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியவை. லினக்ஸ் மடிக்கணினியில் கோப்புகளை மறையாக்கம் செய்து, அதாவது கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டி வைத்தோம், இப்போது திறக்க முடியவில்லை அல்லது காணவில்லை என்கிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். திருகோணமலையில் 14 வருடமாகக் கணினி திருத்தி வருகிறேன். பூட்டு தானாகப் பழுதாகிக் கோப்புப் போனதென்று ஒரு பெட்டியும் என் மேசைக்கு வந்ததில்லை. சாவியைத் தொலைத்தவர்கள் வந்திருக்கிறார்கள். பூட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் பூட்டியதாக நம்பியிருந்தவர்கள் அதைவிடக் கூட.

கேள்வி: அக்கா, நான் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட். காணி உறுதிகளை ஸ்கான் செய்து, கோகிரிப்ட்எப்எஸ் கொண்டு பூட்டிய கோப்புறையில் ஆறு மாதமாகச் சேர்த்து வந்தேன். காலையில் டெர்மினலில் கட்டளை கொடுத்து, கடவுச்சொல் போட்டுத் திறப்பது வழக்கம். போன கிழமை இரண்டு மூன்று தடவை கரண்ட் போனது. வெள்ளிக்கிழமை பார்த்தால் அந்தக் கிழமை ஸ்கான் செய்த 40 உறுதிகள் மட்டும் இருக்கின்றன, பழையது ஒன்றுமே இல்லை. கட்டளை கொடுத்தால் கோப்புறை காலியாக இல்லை என்று மறுக்கிறது. ஐயாவுக்கு இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகர், உட்துறைமுக வீதி

பதில்: தம்பி, பயப்படாதீர்கள். எதையும் அழிக்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பிழைச் செய்தியே நடந்ததைச் சொல்லிவிடுகிறது. பழைய உறுதிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கவலைப்பட வேண்டியது புதிய நாற்பதைப் பற்றித்தான். அவை ஒரு கிழமையாகப் பூட்டில்லாமல் கிடந்திருக்கின்றன.

கோகிரிப்ட்எப்எஸ் இரண்டு கோப்புறைகளை வைத்து வேலை செய்கிறது. ஒன்றில் பூட்டிய கோப்புகள் கிடக்கும். அதைத் திறந்து பார்த்தால் வாயில் நுழையாத எழுத்துக்குவியலாகப் பெயர்கள் தெரியும். மற்றது நீங்கள் தினமும் திறக்கும் கோப்புறை. அது வெறும் கதவு நிலை. கடவுச்சொல் கொடுத்ததும் அந்த நிலைக்குப் பின்னால் உங்கள் அறை வந்து நிற்கிறது. கடவுச்சொல் கொடுக்காத நேரத்தில் நிலை மட்டும் நிற்கும், பின்னால் இருப்பது திறந்த முற்றம். ஆனால் கோப்பு மேலாளரில் பார்க்கும்போது இரண்டு நேரத்திலும் அதே பெயர், அதே படம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் மடிக்கணினியின் மின்கலம் பழசாகிப் போயிருக்க வேண்டும். கரண்ட் போன கையோடு கணினியும் அணைந்திருக்கும். திரும்ப வந்ததும் அவசரத்தில் கட்டளை கொடுக்காமலே ஸ்கான் செய்யத் தொடங்கியிருப்பீர்கள். ஸ்கானர் நிரல் கடைசியாகச் சேமித்த கோப்புறையை நினைவில் வைத்திருந்து அதே இடத்தைக் காட்டும். நீங்கள் சரி என்று அழுத்த, உறுதிகள் வரிசையாக முற்றத்தில் போய் விழுந்தன. நிலைக்குப் பின்னால் சாமான் கிடப்பதால்தான் கோகிரிப்ட்எப்எஸ் இப்போது அறையைக் கொண்டுவந்து நிறுத்த மறுக்கிறது. அது மறுப்பது நல்லது. கேட்காமல் மேலே மூடியிருந்தால் இந்த நாற்பதும் கண்ணில் படாமல் அடியிலேயே கிடந்திருக்கும்.

இப்படிச் செய்யுங்கள். வீட்டுக் கோப்புறையில் தற்காலிகம் என்ற பெயரில் புதிதாக ஒன்றைத் திறந்து, அந்த 40 கோப்புகளையும் அதற்குள் நகர்த்துங்கள். ஒளிந்திருக்கும் கோப்பு ஏதாவது உண்டா என்று கண்ட்ரோல், எச் அழுத்திப் பார்த்து அதையும் நகர்த்துங்கள். இப்போது வழக்கமான கட்டளையைக் கொடுத்தால் ஆறு மாத உறுதிகளும் வந்து நிற்கும். பைன்ட்எம்என்டி (findmnt) என்ற கட்டளை கொடுத்தால் எந்தக் கோப்புறைக்குப் பின்னால் எது நிற்கிறது என்று பட்டியல் தரும். அதில் உங்கள் கோப்புறையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாற்பதையும் உள்ளே நகலெடுங்கள். எண்ணிக்கை சரியா என்று பார்த்து, இரண்டு மூன்றைத் திறந்து கடைசிப் பக்கம்வரை போங்கள். அதற்குப் பிறகுதான் தற்காலிகத்தை அழிக்கலாம்.

இனி இது நடக்காமல் இருக்க ஒரு வழி. நிலைக் கோப்புறைக்கு எழுதும் அனுமதியை எடுத்துவிடு என்று பலர் சொல்வார்கள். டிஸ்கையே பூட்டும் லக்ஸ் முறையில் அது சரியாக வேலை செய்யும். கோகிரிப்ட்எப்எஸ்ஸில் செய்யாது. சாதாரணப் பயனர் ஒருவர் அறையை நிலைக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமென்றால் அந்தக் கோப்புறையில் எழுத அவருக்கு அனுமதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணினி மறுத்துவிடும். ஆகவே நான் செய்வது இதுதான். பூட்டிய அறைக்குள் உறுதிகள் என்று ஓர் உள்கோப்புறை வைத்து, ஸ்கானரை அதற்குள் சேமிக்கச் சொல்லுங்கள். அறை திறக்காதபோது அந்த உள்கோப்புறையே இருக்காது. வழக்கமான இடம் காணவில்லையென்றால் சேமிக்கும் பெட்டியில் அது உடனே தெரிந்துவிடும். கை தானாக நின்றுவிடும்.

சரி, அந்த ஒரு கிழமைக்கு வருவோம். உறுதியில் என்னவெல்லாம் இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, கையொப்பம், காணியின் எல்லைகள். அழித்த கோப்பு முதலில் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும், அதையும் காலி செய்யுங்கள். உங்களுடையது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க் என்றால், மேலே மேலே எழுதி அழிக்கும் ஷ்ரெட் போன்ற கருவிகளை நம்ப வேண்டாம். எஸ்எஸ்டி பழைய இடத்திலேயே திரும்ப எழுதுவதில்லை, வேறிடத்தில் எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைக்கும். குப்பைத்தொட்டியைக் காலி செய்தபின் எப்எஸ்ட்ரிம் கட்டளையை ஓட விடுங்கள். இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று அது டிஸ்குக்குச் சொல்லும்.

இன்னொன்றைப் பலரும் பார்ப்பதில்லை. வீட்டுக் கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் கேஷ் என்ற கோப்புறையைத் திறந்து, தம்ப்னெய்ல்ஸ் என்பதற்குள் போய்ப் பாருங்கள். நீங்கள் பார்த்த படங்களின் சின்னச் சின்ன நகல்களைக் கோப்பு மேலாளர் அங்கே சேர்த்து வைக்கும். ஒரு வாடிக்கையாளரின் கணினியில் அந்தக் கோப்புறையைத் திறந்தபோது, பூட்டி வைத்திருந்த கடவுச்சீட்டுகளின் முகப்பக்கங்கள் வரிசையாக நின்றன. படம் சின்னதுதான், முகம் தெளிவாகத் தெரிந்தது. கோப்புறையை மட்டும் பூட்டும் எந்த முறையிலும் இப்படி ஓரங்களில் ஒழுகும். நொத்தாரிசு அலுவலகக் கணினிக்கு டிஸ்க் முழுவதையும் லக்ஸால் பூட்டுவதுதான் பொருத்தம் என்பது என் முடிவு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவைக் காக்கும் வழிகளில் மறையாக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஐயாவிடம் நடந்ததைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டாயம் சொல்லுங்கள் தம்பி. அவை அவருடைய வாடிக்கையாளர்களின் காணிகள்.

முடிக்குமுன் ஒன்று. பூட்டிய பக்கத்துக் கோப்புறையில் கோகிரிப்ட்எப்எஸ்.கொன்ப் என்று ஒரு கோப்பும், ஒவ்வொரு உள்கோப்புறையிலும் டிர்ஐவி என்று முடியும் குட்டிக் கோப்பும் இருக்கும். குப்பை என்று நினைத்து யாரும் அழித்துவிட வேண்டாம். முதலாவது போனால் கடவுச்சொல் தெரிந்தும் திறக்க முடியாது. இரண்டாவது போனால் அந்தக் கோப்புறையின் பெயர்கள் போய்விடும். முதன்முதலில் பூட்டை உருவாக்கியபோது திரையில் 64 எழுத்தும் இலக்கமுமாக ஒரு முதன்மைச் சாவி வந்திருக்கும். எழுதி வைத்தீர்களா? இல்லையென்றால் கொன்ப் கோப்பை இன்றைக்கே இரண்டு பென் டிரைவில் நகலெடுங்கள்.

கேள்வி: உபுண்டு லினக்ஸ் நிறுவும்போது டிஸ்க் முழுவதையும் பூட்டும்படி தெரிவு செய்து, கடவுச்சொல்லைத் தமிழில் கொடுத்தேன். கணினி ஏற்றுக்கொண்டது. மறுபடி இயக்கினால் அதே சொல்லைத் தவறென்கிறது. பத்துத் தடவைக்கு மேல் முயன்றுவிட்டேன். இனி அழித்துவிட்டு நிறுவ வேண்டியதுதானா?
— ஓர் ஆசிரியை, மூதூர்

பதில்: அழிக்க வேண்டாம் டீச்சர். எத்தனை தடவை தவறாகக் கொடுத்தாலும் லக்ஸ் எதையும் அழிப்பதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வரவும் தேவையில்லை.

நிறுவும்போது தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தது. கணினி இயங்கத் தொடங்கும் அந்த முதல் நிமிடத்தில் உபுண்டு இன்னும் முழுதாக எழுந்திருக்காது, தமிழ் விசைப்பலகையும் வந்திருக்காது. நீங்கள் அதே விசைகளை அழுத்துகிறீர்கள், அங்கே போய்ச் சேர்வது ஆங்கில எழுத்துகள். திரையில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் இது வெளியே தெரிவதில்லை.

உபுண்டு நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவிலிருந்தே கணினியை இயக்கி, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியைத் தெரிவு செய்யுங்கள். அமைப்புகளில் போய், நிறுவியபோது எந்தத் தமிழ் விசைப்பலகை இருந்ததோ அதையே சேருங்கள். எழுத்துத் தொகுப்பானில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து, கண்ணால் பார்த்துச் சரி என்று கண்டபின் நகலெடுத்து, டிஸ்க்ஸ் நிரலில் பூட்டிய பகுதியைத் தெரிவு செய்து ஒட்டுங்கள்.

‘அதே’ விசைப்பலகை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே துண்டாகச் சேர்த்தால் 6 பைட் (கணினி இடத்தை அளக்கும் அலகு). ககரம், ஏகாரக் கொம்பு, பிறகு கால் என்று மூன்று துண்டாகச் சேர்த்தால் 9 பைட். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும், உங்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. லக்ஸ் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது. அதற்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ரெங்கநாதன் முறையில் பழகியவர் ஒரு விதமாகவும் தமிழ்99 முறையில் பழகியவர் இன்னொரு விதமாகவும் அடிக்கக்கூடும். உங்கள் சொல்லில் கொ, கோ, கௌ வரிசை எழுத்து இருந்தால் இரண்டு விதமாகவும் முயன்று பாருங்கள்.

திறந்துவிட்டதா? உடனே அணைக்க வேண்டாம். லக்ஸ் இரண்டாம் பதிப்பில் ஒரே டிஸ்குக்கு 32 சாவிகள்வரை வைக்கலாம். கிரிப்ட்செட்டப் கருவியின் லக்ஸ்ஆட்கீ கட்டளையால் ஆங்கில எழுத்தில் இரண்டாவது கடவுச்சொல் ஒன்றைச் சேருங்கள். பழையதை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். மூன்று நான்கு தடவை அணைத்து இயக்கிப் பார்த்து, புதியது வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு எடுக்கலாம்.

எனக்கும் கடவுச்சொல் தமிழில் இருக்க வேண்டும் என்ற ஆசை உண்டு. அதனால் அகராதியைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்கிறேன். தேவார வரியையோ கோயில் பெயரையோ வைக்க வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த வரியை எந்த எழுத்தில் அடித்தாலும் ஊகித்துவிடலாம்.

கேள்வி: உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். வெளிநாட்டு விருந்தினர்களின் கடவுச்சீட்டு நகல்களைப் பூட்டிய வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். டிஸ்க் செருகாமல் மடிக்கணினியை இயக்கினால் ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கிறது. பிறகு கறுப்புத் திரையில் அவசர நிலை என்று ஏதோ வருகிறது.
— விடுதி உரிமையாளர்

பதில்: ஐயா, இயங்கத் தொடங்கும்போது எல்லா டிஸ்குகளும் இருக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அது 90 விநாடி காத்திருந்து பார்த்துவிட்டுக் கைவிடுகிறது. ஈடிசி கோப்புறையில் உள்ள கிரிப்ட்டாப், எப்எஸ்டாப் என்ற இரண்டு கோப்புகளிலும் அந்த டிஸ்குக்குரிய வரியில், தெரிவுகள் இருக்கும் இடத்தில் நோபெயில் என்ற சொல்லைச் சேருங்கள். இரண்டிலும் சேர்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் சேர்த்துவிட்டு ‘சரிவரவில்லை’ என்று திரும்பி வருபவர்கள் நிறையப் பேர்.

அந்த வரியில் டிஸ்கின் பெயர் எஸ்டிபி, எஸ்டிசி என்று இருந்தால் அதை மாற்றி யூயூஐடி என்ற நீண்ட அடையாள இலக்கத்தைப் போடுங்கள். எஸ்டிபி என்பது டிஸ்கின் பெயர் அல்ல, வந்து சேர்ந்த வரிசை. இன்றைக்கு எஸ்டிபியாக இருப்பது நாளைக்கு எஸ்டிசியாக இருக்கும். இதனால் எனக்கு என்ன நடந்தது என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன். அத்தோடு, கடற்கரையில் இருக்கிறீர்கள். உப்புக் காற்றில் யூஎஸ்பி செருகியின் உலோகம் பச்சை பிடித்துவிடும். டிஸ்க் அடிக்கடி தானாக அறுபட்டால் பூட்டைச் சந்தேகிக்கும் முன் வயரை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: லக்ஸ் டிஸ்குக்கு ஹெடர் நகல் எடுக்க வேண்டும் என்கிறார்களே, கடவுச்சொல் எனக்கு நன்றாக நினைவிருக்கும்போது அது எதற்கு?
— ஒரு மாணவி, தம்பலகாமம்

பதில்: தங்கச்சி, 2019 இல் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஒருநாள் காலை ஒரு வாடிக்கையாளருக்காகப் பென் டிரைவில் லினக்ஸ் எழுதினேன். முதல்நாள் அதே பென் டிரைவ் எஸ்டிபி. அன்றைக்குக் கணினியில் என் வெளி ஹார்ட் டிஸ்க்கும் செருகியிருந்தது, அந்தப் பெயரை அது எடுத்துக்கொண்டது. கட்டளை கொடுத்துவிட்டுத் தேநீரை எடுக்கத் திரும்பினேன். பென் டிரைவின் விளக்கு இருண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்கின் நீல விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வயரைப் பிடுங்கினேன். அதற்குள் சில விநாடி போய்விட்டது.

லக்ஸ் இரண்டாம் பதிப்பில் ஹெடர் என்பது வழக்கமாக டிஸ்கின் தொடக்கத்தில் 16 எம்பி இடம். தரவைப் பூட்டிய உண்மையான சாவி அங்கேதான் இருக்கிறது. உங்கள் கடவுச்சொல் அந்தச் சாவியை வைத்திருக்கும் பெட்டியை மட்டுமே திறக்கும். ஹெடரின் விவரப் பகுதிக்கு இரண்டு பிரதி உண்டு, சாவி இருக்கும் பகுதிக்கு ஒன்றே ஒன்று. என் டிஸ்கில் முதல் 16 எம்பியும் போயிருந்தது. மிச்சம் ஒரு டெராபைட்டுக்குக் கிட்ட அப்படியே இருந்தது. கடவுச்சொல்லும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த டிஸ்கில் மூன்று வருட வகுப்புக் குறிப்புகளும், அம்மம்மா கதை சொல்லச் சொல்ல நான் பதிந்த ஒலிப்பதிவுகளும் இருந்தன. குறிப்புகளைத் திரும்ப எழுதினேன். அம்மம்மா அதற்கு முந்திய வருடமே காலமாகிவிட்டார்.

கிரிப்ட்செட்டப் கருவியில் லக்ஸ்ஹெடர்பேக்கப் என்ற கட்டளை இருக்கிறது. ஒரு நிமிட வேலை, 16 எம்பி கோப்பு. அதை அதே டிஸ்குக்குள் வைக்காதீர்கள், வேறு பென் டிரைவில் வையுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் புதிதாக நகல் எடுத்துப் பழைய நகலை அழியுங்கள், ஏனென்றால் பழைய நகல் பழைய கடவுச்சொல்லுக்கு இன்னும் திறக்கும். அந்தச் சொல் வேறு யாருக்காவது தெரிந்துதான் மாற்றியிருந்தீர்கள் என்றால், மாற்றியதன் பலன் அந்த நகலோடு போய்விடும். ஹெடர் நகல் என்பது கோப்புகளின் நகல் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். டிஸ்க் கீழே விழுந்தால் ஹெடர் நகலால் ஒன்றும் ஆகாது, கோப்புகளுக்குத் தனியாக நகல் வேண்டும்.

என்னைப் போல யாராவது தவறான டிஸ்கின் மேல் எழுதிவிட்டு, ஆனால் அந்த டிஸ்க் இன்னும் திறந்த நிலையிலேயே இருந்தால், கணினியை அணைக்க வேண்டாம். சாவி இன்னும் நினைவகத்தில் இருக்கிறது. திறந்திருக்கும்போதே எடுக்க முடிந்ததையெல்லாம் வேறு டிஸ்குக்கு நகலெடுத்துவிடுங்கள்.

கேள்வி: வாப்பா சேர்த்து வைத்த நாட்டார் பாடல் ஒலிப்பதிவுகளைப் பழைய மடிக்கணினியின் பூட்டிய வீட்டுக் கோப்புறைக்குள் நகலெடுத்தால், சிலவற்றுக்கு மட்டும் பெயர் நீளமாக இருக்கிறது என்று பிழை வருகிறது. பென் டிரைவில் அதே பெயர் பிரச்சினையில்லை. உபுண்டு 16.04 இல் தொடங்கிய கணினி.
— ஒரு மாணவர், கிண்ணியா

பதில்: தம்பி, அந்தக் காலத்து உபுண்டு வீட்டுக் கோப்புறையை ஈகிரிப்ட்எப்எஸ் முறையில் பூட்டியது. 18.04 இலிருந்து நிறுவும்போது அந்தத் தெரிவையே எடுத்துவிட்டார்கள். அதில் கோப்பின் பெயரையும் சேர்த்துப் பூட்டுவதால் பெயர் நீண்டுபோகும். ஆகவே நமக்கு மிஞ்சுவது 143 பைட் மட்டும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு 143 எழுத்து, அவர் இந்தப் பிழையைக் காண்பதே அரிது. நமக்கு அப்படியில்லை. கன்னியா வெந்நீரூற்று என்று எழுதிப் பாருங்கள். நாம் எண்ணினால் பத்து எழுத்து. கணினி புள்ளியையும் கொம்பையும் சுழியையும் தனித்தனியாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம், இடைவெளிக்கு ஒன்றுமாக 58 பைட் கணக்கிடுகிறது. பாடலின் முதலடியை முழுதாகப் பெயராக வைத்தால் 143 எங்கே காணும்?

வாப்பா வைத்த பெயர்களைச் சுருக்க வேண்டாம். பாடலின் முதலடிதான் அதன் அடையாளம், அதை வெட்டினால் பத்து வருடம் கழித்து எது எந்தப் பாடல் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக் கோப்புறைக்கு வெளியே கோகிரிப்ட்எப்எஸ் கொண்டு புதிய பூட்டு ஒன்றை உருவாக்குங்கள். நீண்ட பெயரை அது தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளும், அதனால் லினக்ஸின் வழக்கமான 255 பைட் முழுதும் கிடைக்கும். பழைய பூட்டை விட்டு விலகுமுன் ஈகிரிப்ட்எப்எஸ்-அன்ராப்-பாஸ்பிரேஸ் என்ற கட்டளை தரும் 32 எழுத்துகளைத் தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கணினி ஒருநாள் இயங்க மறுத்தால், உள்ளே இருப்பதை வெளியே எடுக்க அது வேண்டும்.

கேள்வி: பழைய மடிக்கணினி. பூட்டிய பிறகு மிகவும் மெதுவாகிவிட்டது.
— ஒரு வாசகர், சீனக்குடா

பதில்: பிராக் கோப்புறையில் உள்ள சிபியுஇன்போ கோப்பில் ஏஇஎஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மறையாக்கத்துக்கென்றே தனி ஏற்பாடு அந்தச் செயலியில் உண்டு. அப்படியென்றால் மெதுவுக்குப் பூட்டு அநேகமாகக் காரணமாக இராது, நினைவகத்தையும் டிஸ்கையும் பாருங்கள். இல்லையென்றால் கோகிரிப்ட்எப்எஸ்ஸில் எக்ஸ்சாசா என்ற தெரிவோடு புதிய பூட்டு உருவாக்கலாம். அந்த வகைச் செயலியில் அது வேகமாக ஓடும்.

கேள்வி: இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்போது மடிக்கணினியை மூடி வைத்துக் கொண்டுபோகிறேன். டிஸ்க் பூட்டியதுதானே, களவு போனாலும் பாதுகாப்புத்தானே?
— ஒரு வாசகி, நிலாவெளி

பதில்: மூடினால் கணினி தூங்கும், அவ்வளவுதான். சாவி நினைவகத்தில் விழித்திருக்கும். பஸ் ஏறுமுன் முழுதாக அணையுங்கள்.

கேள்வி: என் அப்பா ஐந்து மாதத்துக்கு முன் காலமானார். அவருடைய மடிக்கணினியை இயக்கினால் டிஸ்கின் கடவுச்சொல் கேட்கிறது. எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரு கடையில் உடைத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான்.
— ஒரு மகள், ஓர்ஸ் ஹில்

பதில்: மகள், கொடுக்க வேண்டாம். அந்தக் கடையாலும் முடியாது, என்னாலும் முடியாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் பணமும் போய், நம்பிக்கையும் இரண்டாம் தடவை போவதைவிட இப்போதே சொல்வது நல்லது.

உங்களால் செய்யக்கூடியது சில உண்டு. கடையைவிட உங்களுக்குத்தான் அதற்கு வாய்ப்பு அதிகம், அப்பாவை அறிந்தவர்கள் நீங்கள். அவருடைய நாட்குறிப்பு, தொலைபேசி இலக்கங்கள் எழுதிய கொப்பி, வங்கிப் புத்தகத்தின் பின்னட்டை, அலுமாரிக் கதவின் உட்பக்கம், மடிக்கணினி வந்த பெட்டி எல்லாவற்றையும் பாருங்கள். மற்ற இடங்களில் அவர் வைத்த கடவுச்சொற்கள் ஏதாவது தெரிந்தால் அவற்றின் சாயலை எழுதுங்கள். பெயரோடு வருடம் சேர்ப்பவரா, முதலெழுத்தைப் பெரிதாக்குபவரா, கடைசியில் குறியீடு வைப்பவரா? லக்ஸ் ஒவ்வொரு முயற்சிக்கும் வேண்டுமென்றே ஓரிரு விநாடி எடுக்கும். திருடன் கோடிக்கணக்கில் முயல முடியாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நீங்கள் நூறு இருநூறு முயன்று பார்க்க அது தடையில்லை, எத்தனை தவறினாலும் உள்ளே ஒன்றும் அழியாது. முயன்றதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டே போங்கள், இல்லாவிட்டால் ஒன்றையே திரும்பத் திரும்ப முயல்வீர்கள். கப்ஸ் லொக் விளக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணினியை என்னிடம் கொண்டுவந்தால் லக்ஸ்டம்ப் கட்டளையால் எத்தனை சாவி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியும், அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. ஒன்றுக்கு மேல் இருந்தால் மீட்புச் சாவி ஒன்றை அவர் எங்கோ சேமித்திருக்கக்கூடும். வீட்டில் உள்ள ஒவ்வொரு பென் டிரைவையும் எடுத்து வாருங்கள், பழுதானது என்று ஒதுக்கியதையும் சேர்த்து. அப்பாவின் கைபேசியையும் அழித்துவிடாதீர்கள். படங்கள் அநேகமாகக் கைபேசியிலிருந்துதான் கணினிக்குப் போயிருக்கும், ஒரு பகுதி இன்னும் அங்கேயே இருக்கலாம். உறவினருக்கு அனுப்பிய படங்கள் அவர்களுடைய கைபேசிகளில் இருக்கும். மாமாவிடமும் சித்தியிடமும் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் 2004 டிசம்பர் 26 அன்று அம்மா எடுத்துக்கொண்டு ஓடியது ஒரு பொலித்தீன் பை. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, ஒரே ஓர் அல்பம். அந்தப் பை இப்போதும் அலுமாரியில் இருக்கிறது. என் டிஸ்கின் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, அந்தப் பைக்குள்தான் வைத்திருக்கிறேன். என் தங்கைக்குத் தெரியும். கடவுச்சொல்லை எழுதி வைக்கக்கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கணினியோடு சேர்த்து வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் திறக்கவில்லையென்றால், மகள், கணினியை விற்க வேண்டாம், புதிதாக நிறுவவும் வேண்டாம். டிஸ்கைக் கழற்றித் தருகிறேன். துணியில் சுற்றி, ஈரம் படாத டப்பாவில் போட்டு, மேலே அப்பாவின் பெயரையும் திகதியையும் எழுதி வையுங்கள். எப்போதாவது, ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டும்போது, ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஒரு சொல் இருக்கக்கூடும்.